ஒரே மலை, இரண்டு கணக்கு

இலங்கையின் சுகாதாரத்தைப் புகழாத வெளிநாட்டு ஆய்வாளர் அரிது. 1985ஆம் ஆண்டு ராக்ஃபெல்லர் மன்றம் இத்தாலியின் பெல்லாஜியோவில் கூட்டிய மாநாடு, குறைந்த செலவில் நல்ல ஆரோக்கியம் கண்ட இடங்கள் என்று நான்கைத் தெரிந்தெடுத்தது. சீனா, கேரளம், கோஸ்டாரிக்கா ஆகியவற்றோடு இலங்கையும் அதில் இருந்தது. அந்தப் பாராட்டில் பொய்யில்லை. ஏறத்தாழ எல்லாப் பிரசவமும் வைத்தியசாலையில் நடக்கிற நாடு இது. காசு கேட்காத ஆஸ்பத்திரி, வீட்டுப் படலை வரைக்கும் வந்து நிறை பார்க்கிற மருத்துவமாது என்று அண்டை நாட்டார் கேட்டால் ஏங்கும் காரியங்கள் இங்கே இருக்கின்றன. ஆனால் பாராட்டு எப்போதும் சராசரிக்குத்தான் போய்ச் சேர்கிறது.

2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீட்டைப் பாருங்கள். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதும் 17.3 வீதம். நகரத்தில் 14.7, கிராமத்தில் 17.0, பெருந்தோட்டத்தில் 31.7. பத்து ஆண்டுகளுக்கு முந்திய 2006/07 அளவீட்டிலும் நாட்டின் சராசரி அதே 17.3தான், அன்றைக்குத் தோட்டத்தில் அது 40.2. குறைந்திருக்கிறது, மறுக்கவில்லை. குறைந்த பிறகும் கிராமத்தைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு.

பிள்ளையின் உயரம் என்பது உண்மையில் தாயின் உடம்பைப் பற்றிய செய்தி. 2006/07இல் தோட்டத்துப் பெண்களில் மூவரில் ஒருவருக்கு உடல் நிறைச் சுட்டி 18.5க்குக் கீழே இருந்தது. நாட்டுச் சராசரி அதில் பாதி. மெலிந்த தாய்க்கு நிறை குறைந்த பிள்ளை. அந்தப் பிள்ளை பெண்ணானால் இருபது இருபத்தைந்து வருடத்தில் அவளும் ஒரு மெலிந்த தாய். ஆகவே மலையகத்தின் சுகாதார ஏற்றத்தாழ்வைப் பேசவேண்டுமானால் தோட்டத்துப் பெண்ணின் உடம்பிலிருந்துதான் பேசவேண்டும். அவளை யாரோடு ஒப்பிடுவது என்பது அடுத்த கேள்வி. கொழும்பு கறுவாத்தோட்டத்துப் பெண்ணோடு ஒப்பிட்டால் எந்த ஏழைப் பெண்ணும் தோற்பாள். அதில் தெரிந்துகொள்ள ஒன்றுமில்லை. அதே நுவரெலியா மாவட்டத்தில், அதே குளிரில், அதே தேயிலையைக் கிள்ளுகிற கிராமத்துப் பெண்ணை அருகில் நிறுத்த வேண்டும்.

அவளும் பணக்காரியல்ல. கொத்மலையிலோ வலப்பனையிலோ ஹங்குரன்கெத்தையிலோ கால் ஏக்கர், அரை ஏக்கர் தேயிலை வைத்திருக்கும் சிங்களக் குடும்பத்துப் பெண். இலங்கைத் தேயிலையில் 70 வீதத்துக்கு மேல் இப்போது இப்படிப்பட்ட சிற்றுடைமைகளிலிருந்துதான் வருகிறது, கம்பனித் தோட்டங்களிலிருந்தல்ல. இதை நம்மவர்களில் பலர் இன்னும் கவனிக்கவில்லை. அவளுக்கு வீட்டோரத்தில் ஒரு பலாமரம், நாலு கீரைப் பாத்தி, கொஞ்சம் மரவள்ளி. வீட்டுக்கு ஓர் உறுதி, இல்லாவிட்டால் ஓர் அனுமதிப்பத்திரம். கடிதம் வீட்டு முகவரிக்கே வரும்.

இந்தப் பக்கம் நோர்வூட், பொகவந்தலாவை, மஸ்கெலியா, தலவாக்கலை, அக்கரப்பத்தனை. வெள்ளைக்காரன் காலத்து லயன் என்னும் வரிசை வீடு. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா, முன்னால் ஒடுங்கிய இஸ்தோப்பு. காம்பரா கம்பனியுடையது, நிலம் அரசாங்கத்துடையது. லயத்தோரத்தில் போட்ட மரக்கறிப் பாத்திகூட தோட்டத் துரையின் தயவில் இருப்பது. கடிதம் பல தோட்டங்களில் இன்னமும் தோட்ட ஆபீசுக்கு வந்துதான் கைக்குக் கிடைக்கும். மாவட்டத்தின் சனத்தொகையில் பாதிக்கு மேல் இப்படித் தோட்டங்களில்தான் வாழ்கிறார்கள்.

இருவரும் கிள்ளுவது ஒரே இரண்டு இலையும் ஒரு மொட்டும். வேலைதான் நோய்க்குக் காரணம் என்றால் இருவரும் ஒன்றுபோல நோயாளியாக வேண்டும்.

வரலாற்றைப் புரட்டினால் முதலில் தோட்டத்துப் பெண்தான் முன்னால் நிற்கிறாள் என்பது வியப்பு. தோட்டப் பகுதிகளை மருத்துவ மாவட்டங்களாகப் பிரித்து வைத்தியரை வைக்கும் சட்டம் 1872இலேயே வந்துவிட்டது. 1912இன் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம், தோட்டத்தில் பிள்ளை பெற்றவளுக்கு 30 நாளைக்கு உணவும் உறைவிடமும் கொடுக்கவேண்டும், அந்த நாட்களில் வேலை வாங்கக்கூடாது என்று துரைமார்மீது கடமை சுமத்தியது. அன்றைக்கு வலப்பனைப் பெண்ணுக்கு அப்படி ஒரு வரிச் சட்டமும் கிடையாது. அவளுக்குக் கிடைத்தது ஊர் மருத்துவிச்சியும் வேர்க் கஷாயமும்.

அந்தச் சட்டங்களின் உள்நோக்கத்தையும் பார்க்கவேண்டும். தென்னிந்தியாவிலிருந்து கூலிகளைக் கொண்டுவருவதற்குச் செலவாகும். வந்தவர்கள் செத்தால் அந்தச் செலவு வீண். இந்திய அரசாங்கமும் கேள்வி கேட்கும். தோட்ட வைத்தியம் கொழுந்து, உரம், கவ்வாத்து ஆகியவற்றோடு ஒரே பேரேட்டில் எழுதப்பட்ட செலவு. அந்தப் பேரேட்டில் பெண் என்பவள் கூடையைச் சுமக்கிற முதுகு. லாபம் குறைகிற வருடத்தில் முதலில் வெட்டப்படுகிற செலவும் அதுவே.

1916இல் நடந்தது இதற்கு நல்ல சாட்சி. ராக்ஃபெல்லர் மன்றத்தின் சுகாதாரக் குழு இலங்கைக்கு வந்து கொக்கிப்புழு ஒழிப்பு வேலையை முதலில் தொடங்கியது மாத்தளைப் பக்கத்துத் தோட்டங்களில். கொக்கிப்புழு குடலில் ஒட்டிக்கொண்டு இரத்தத்தைக் குடிப்பது. மாதவிடாயிலும் பிரசவத்திலும் ஏற்கெனவே இரத்தம் இழக்கிற பெண்ணுக்கு அது இரட்டை அடி. மருந்து கொடுத்தால் புழு விழும். ஆனால் மலசலகூடம் இல்லாத லயத்தில் வெறுங்காலோடு நடந்தால் இரண்டு மாதத்தில் மீண்டும் வரும். மருந்துக்குச் சம்மதித்த தோட்ட முதலாளிகள் மலசலகூடம் கட்டும் செலவுக்கு இழுத்தடித்தார்கள். மருந்து தொழிலாளியை நாளைக்கே மலைக்கு அனுப்பும். கக்கூசோ பத்து வருடத்துக்குப் பிறகு பலன் தருவது. கணக்குப் பார்க்கிறவனுக்கு வித்தியாசம் தெரியும்.

அதே மன்றத்தின் ஆதரவோடு 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கியது. மருத்துவமாது வீடு வீடாகப் போவது, கர்ப்பிணிகளைப் பதிவது, தாய் சேய் கிளினிக், கிணறும் மலசலகூடமும் பார்க்கிற பரிசோதகர் என்று இன்றைக்கும் இலங்கையைத் தூக்கி நிறுத்துகிற அமைப்பு முழுவதும் அங்கிருந்து கிளைத்ததுதான். 1934-35 மலேரியாக் கொள்ளைநோய்க்குப் பிறகு அது கிராமங்களெங்கும் பரவியது. தோட்ட எல்லையில் வந்து நின்றது. உள்ளே துரைக்குச் சொந்தமான வைத்தியம் இருக்கிறதே, அரசாங்கம் எதற்கு என்பது நியாயமாகச் சொல்லப்பட்டது.

இதற்குள் இன்னொன்று நடந்துவிட்டது. 1931இல் ஆணுக்கும் பெண்ணுக்கும் சர்வசன வாக்குரிமை. கிராமத்துப் பெண்ணின் வாக்கு வேண்டுமென்றால் கிராமத்துக்கு ஒரு பிரசவ விடுதி வேண்டும், பாலம் வேண்டும், பள்ளிக்கூடம் வேண்டும். முப்பதுகளிலும் நாற்பதுகளிலும் ஊர் ஊராக எழுந்த சிறு வைத்தியசாலைகளின் பின்னால் தொகுதிப் பிரதிநிதியின் கவலை இருந்தது. தோட்டத்துச் சனங்களும் 1947 தேர்தலில் தம் பிரதிநிதிகளைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். மறு வருடமே 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. அதைத் தொடர்ந்து வாக்கும் போயிற்று. 1951இல் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் கட்டணம் நீக்கப்பட்டபோது தோட்டத்துப் பெண் நாடற்றவள். 1964இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று பங்கு பிரித்தது. இந்த நாட்டில் இருப்பாளா, கப்பலேறுவாளா என்று தெரியாதவளுக்காக எந்த அமைச்சர் பிரசவ விடுதி கட்டுவார்?

என் முடிவு இதுதான்: இரண்டு பெண்களுக்கும் இடையிலான பள்ளத்தை வறுமை தோண்டவில்லை, வாக்குரிமை தோண்டியது. வறுமை இரண்டு பக்கமும் இருந்தது. ஒருத்தியின் உடம்பு வாக்குக் கணக்கில் எழுதப்பட்டது. மற்றவளுடையது தேயிலைக் கணக்கில்.

1973-74 பஞ்சத்தில் அந்த வேறுபாடு உயிர்க் கணக்காயிற்று. மாவும் அரிசியும் சீனியும் குறைந்தபோது கிராமத்தில் மரவள்ளியாவது தோண்ட முடிந்தது, பலாக்காயாவது அவிக்க முடிந்தது. லயத்தில் தோண்டுவதற்கு நிலமில்லை. தோட்டங்களில் பட்டினிச் சாவு விழுந்தது. மலையக நகரங்களின் கடைவீதிகளில் தோட்டத்துப் பெண்கள் பிள்ளையோடு கையேந்தி நின்றார்கள். மலையகத்து முதியவர்களிடம் இன்றைக்கும் “பஞ்சக் காலம்” என்றால் அந்த இரண்டு வருடம்தான்.

1975இல் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் மீண்டும் கம்பனிகளுக்குப் போயிற்று. இந்தப் போக்குவரத்துக்கு நடுவே நல்லதும் நடந்தது என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. குடிநீர்க் குழாய், கக்கூஸ், பிள்ளைக் காம்பரா ஆகியவற்றுக்குப் பணம் வந்தது. 1984இல் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்சம்பளம் கிடைத்தது. தொண்ணூறுகளில் சில தோட்ட ஆஸ்பத்திரிகளை அரசாங்கம் பொறுப்பேற்றது. அரசாங்க மருத்துவமாது தோட்டத்துக்குள் காலடி வைத்தார். 2003இல் எஞ்சியவர்களுக்கும் பிரஜாவுரிமை வந்தது. டிக்கோயா கிளங்கன் வைத்தியசாலை இந்திய உதவியில் 150 கட்டிலோடு எழுந்து 2017 மேயில் திறக்கப்பட்டது. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் வருகிறது. ஆனால் லயத்துப் பாதையில் வண்டி ஏறாவிட்டால் கம்பளியில் கட்டித் தார் றோட்டு வரைக்கும் சுமந்துபோக வேண்டும். இன்றைக்குத் தோட்டத்துப் பெண்களும் ஏறத்தாழ எல்லாரும் வைத்தியசாலையில்தான் பிள்ளை பெறுகிறார்கள்.

கதவு திறந்தாயிற்று. பிறகும் ஏன் தோட்டத்துப் பிள்ளைகளில் அந்த 31.7 வீதம்?

கர்ப்பிணிப் பெண்கள் கிளினிக்குக்குக் கொண்டுபோகும் அட்டையை யாராவது நிதானமாகப் படித்ததுண்டா? எச் 512 என்ற அந்தப் படிவம் நாடு முழுவதற்கும் ஒன்றே. கிராமத்துப் பெண்ணும் தோட்டத்துப் பெண்ணும் கையில் வைத்திருப்பது ஒரே அட்டை. அமைப்பு எவ்வளவு சமத்துவமானது என்று மெச்சத் தோன்றும். உயரம், நிறை, குருதியில் ஹீமோகுளோபின், இரத்த அழுத்தம், கர்ப்பப்பையின் உயரம் என்று கட்டங்கள். எத்தனை மணி நேரம் சரிவில் நின்றாள், எத்தனை கிலோ சுமந்தாள், கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தாள் என்று கேட்கும் கட்டம் எதுவும் அதில் இல்லை. இரண்டு பெண்களும் பிரிவது அந்த இல்லாத கட்டத்தில்தான்.

தோட்டத்துப் பெண்ணின் நாள் விடியுமுன் நாலு, நாலரைக்குத் தொடங்குகிறது. விறகடுப்பு; புகைக்கூடு இல்லாத காம்பராவில் புகை முழுவதும் அவள் நெஞ்சுக்குள்ளேதான். ரொட்டி தட்டி, சம்பல் அரைத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கும் கைக்குழந்தையைப் பிள்ளைக் காம்பராவுக்கும் விட்டுவிட்டு ஏழரைக்கு மலையில் நிற்கவேண்டும். இடுப்பில் படங்கு, தலையில் கூடைக்கயிறு. நாளைக்கு இத்தனை கிலோ என்று தோட்டம் வைத்திருக்கும். 18, 20 என்று தோட்டத்துக்குத் தோட்டம் மாறும். அந்த அளவு வராவிட்டால் “அரைப் பேர்”, அதாவது அரை நாட்சம்பளம்தான். நிறுவையில் ஈரத்துக்கும் சாக்குக்கும் என்று கழிக்கிற கிலோக்கள் வேறு. மலையில் மலசலகூடம் கிடையாது. ஆண் கங்காணியின் கண்ணுக்கு மறைவாகப் பற்றைக்குப் போகக் கூச்சம், போகிற நேரத்தில் கொழுந்து குறையுமே என்ற பயம், அங்கே அட்டை, குளவி. ஆகவே அவள் தண்ணீர் குடிக்காமல் இருக்கப் பழகிக்கொள்கிறாள். சிறுநீர்க்குழாய் அழற்சி தோட்டத்துப் பெண்களிடையே இவ்வளவு சாதாரணமாக இருப்பதற்கு வேறெங்கும் காரணம் தேட வேண்டியதில்லை. கர்ப்பிணிக்கு அது காய்ச்சலையும் குறைமாதப் பிரசவத்தையும் கொண்டுவரக்கூடியது.

கொத்மலைப் பெண்ணும் கொழுந்து எடுக்கிறாள், நாரி நோவுதான் அவளுக்கும். ஆனால் மழை ஊற்றினால் வீட்டுக்குள் போய்விடுவாள். தாகமெடுத்தால் குடிப்பாள். எட்டாம் மாதத்தில் புருஷனோ மாமியாரோ தேயிலைக்குள் இறங்குவார்கள். கிளினிக் நாள் வந்தால் கொழுந்து நாளைக்கு என்று விட்டுவிடலாம். தோட்டத்துப் பெண் கிளினிக்குக்குப் போனால் ஒரு பேர் போயிற்று. 2024 செப்டெம்பரில் நாட்சம்பளம் 1350 ரூபாயாக உயர்ந்தது. மேலதிகக் கொழுந்துக்கு ஊக்கத்தொகை தனி. பால்மாப் பக்கெட் ஒன்று ஆயிரம் ரூபாயைத் தாண்டி விற்ற அந்த நாளில் ஒரு பேர் என்பது ஒரு பக்கெட்டும் சில்லறையுமாக இருந்தது.

சாப்பாட்டையும் பார்த்துவிடுவோம். கோதுமை மா ரொட்டி, கட்டைச் சம்பல், இரவில் சோறும் பருப்பும், வாரத்தில் ஒரு நாள் கருவாடோ முட்டையோ. எல்லாருக்கும் போட்டபின் சட்டியில் மிஞ்சினது அம்மாவுக்கு. இதோடு நாளைக்கு நாலைந்து தடவை சாயத் தேத்தண்ணி. சாப்பாட்டோடு குடிக்கிற தேநீர், உணவிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர்வதைத் தடுக்கும். கிளினிக்கில் கொடுக்கிற இரும்பு மாத்திரையையும் தேத்தண்ணியிலேயே விழுங்கினால் குருதிச்சோகை எப்படித் தீரும்? உலகத்துக்கெல்லாம் தேயிலை பறித்துக் கொடுப்பவளுடைய இரத்தத்தை அவள் வீட்டுத் தூள் தேயிலையே மெலியச் செய்கிறது. கர்ப்பிணிக்கென்று வருகிற திரிபோஷா சத்துமா வீட்டுக்கு வந்தால் மூன்று பிள்ளைகளும் பங்கு கேட்கும். எந்தத் தாய் மறுப்பாள்? வலப்பனையிலும் இந்தப் பங்கீடு உண்டு. அங்கே பலாக்கொட்டையும் கீரையும் தேங்காயும் காசில்லாமல் கொஞ்சம் ஈடுசெய்கின்றன, அவ்வளவுதான். 2019 கணக்கெடுப்பில் வறுமைக்கோட்டின் கீழே தோட்டத்தில் 33.8 வீதம், கிராமத்தில் 15.

கருத்தடையில் இன்னொரு விதமான ஏற்றத்தாழ்வு. நிரந்தரக் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்துகொண்ட பெண்களின் பங்கு நெடுங்காலமாகவே தோட்டத்தில் மற்ற இடங்களைவிட அதிகம். கிராமத்துப் பெண்ணுக்கு மாத்திரை, ஊசி, வளையம் என்று தெரிவுகள் விளக்கப்பட்டன. தோட்டத்தில் லொறியில் ஏற்றி ஒரே நாளில் பலரை முடித்துக்கொண்டு வருவதே வழக்கமாயிருந்தது. எண்பதுகளில் அரசாங்கம் ஊக்கப்பணமும் கொடுத்தது. ஒரு மாதச் சம்பளத்துக்குக் கிட்டத்தட்ட வரும் பணம் கையில் கிடைக்கிறபோது சம்மதம் என்பதற்கு என்ன பொருள்? இதை இனத்தைக் குறைக்கும் சதி என்று மேடையில் முழங்குவோரும் உண்டு. நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். பேர் போகாமல் வேலைக்கு வரும் தொழிலாளி தோட்டத்துக்கு வேண்டும், இலக்கை முடிக்கும் எண்ணிக்கை சுகாதாரத் துறைக்கு வேண்டும், இன்னொரு பிரசவத்தைத் தாங்காத உடம்போடு அவளுக்கும் அது வேண்டியிருந்தது. மூன்றும் ஒரே இடத்தில் சந்தித்தன. அவளிடம் அவள் மொழியில் நிதானமாக விளக்கிக் கேட்டவர்கள்தான் குறைவு.

மொழி என்று வந்ததால் சொல்கிறேன். மருத்துவமாது வந்தும், பல தோட்டங்களில் அவர் பேசுவது சிங்களம். கிராமத்துப் பெண்ணுக்கு “மிஸ்ஸி” சொந்தக்காரி மாதிரி. மாமியாரின் கொடுமைகூட அவரிடம் சொல்லப்படும். தோட்டத்துப் பெண்ணுக்கு அதே மிஸ்ஸி நிறை பார்த்துவிட்டு இரண்டு சொல்லில் திட்டிவிட்டுப் போகிறவர். வெள்ளைப்படுகிறது, எரிகிறது, புருஷன் குடித்துவிட்டு அடிக்கிறான் என்பதையெல்லாம் பத்து வயது மகளை மொழிபெயர்ப்பாளராக வைத்துக்கொண்டு யாரிடம் சொல்வது? தமிழ் பேசும் மருத்துவமாதர் வேண்டும் என்று கேட்டால், தகைமையுள்ள பிள்ளைகள் விண்ணப்பிப்பதில்லை என்று பதில் வரும். உயர்தர விஞ்ஞானப் பிரிவே இல்லாத பாடசாலைகளிலிருந்து அந்தத் தகைமை எப்படி வரும் என்பது சுகாதார அமைச்சு கல்வி அமைச்சிடம் கேட்கவேண்டிய கேள்வி. தோட்டப் பாடசாலைகளும் தோட்ட வைத்தியத்தைப்போலவே எழுபதுகள்வரை கம்பனிக் கணக்கில் கிடந்தவை.

இனி மறுபக்கம். கிராமத்துப் பெண்ணுக்கு இல்லாத சில, தோட்டத்துப் பெண்ணிடம் உண்டு. பிள்ளையை விட்டுவிட்டுப் போகப் பிள்ளைக் காம்பரா உண்டு. வலப்பனைப் பெண் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே கொழுந்து எடுக்கிறாள், அல்லது பாட்டியிடம் விட்டுவிட்டு சவூதிக்கோ குவைத்துக்கோ போய்விடுகிறாள். சேமலாப நிதி உண்டு, பிரசவச் சகாயம் உண்டு. சொந்த நிலத்தில் கொழுந்து எடுப்பவளுக்குப் பிரசவ விடுமுறைச் சம்பளம் தர யாருமில்லை. அந்த 2016 அளவீட்டில் குள்ளமான பிள்ளைகளின் வீதத்தில் நாட்டிலேயே முதலிடம் நுவரெலியா மாவட்டத்துக்கு, ஏறத்தாழ மூன்றில் ஒன்று. தோட்டத் துறையின் மொத்த வீதத்துக்குச் சமமான எண் அது. மாவட்டத்தில் கணிசமானோர் கிராமத்தார் என்பதை நினைத்தால், மலைக் கிராமங்களின் தாய்மாரும் தென்மாகாணத்தாரைப்போலச் சாப்பிடவில்லை என்பது விளங்கும். இரண்டு பெண்களையும் எதிரெதிரே நிறுத்திச் சண்டைமூட்டுகிறவர்களுக்கு இந்த எண் பிடிக்காது.

வெளியுலகத்திலும் இப்படி ஒரு சோடி உண்டு. அமெரிக்காவில் 2021ஆம் ஆண்டு ஒரு லட்சம் உயிர்ப் பிறப்புக்குக் கறுப்பினத் தாய்மார் 69.9 பேர் இறந்தார்கள், வெள்ளையினத்தவர் 26.6. அங்கே படித்த, வசதியான கறுப்பினப் பெண்ணையும் அந்த இடைவெளி விடுவதில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவள் சொல்லும் வலியை நம்பாத மனமும் ஒரு காரணம் என்கிறார்கள். நம் மலையில் ஆஸ்பத்திரிக் கட்டில் அவ்வளவு கொடியதல்ல. இலவசமானது, பெரும்பாலும் காப்பாற்றிவிடுவது. இங்கே அவளைத் தேய்ப்பது கட்டிலுக்கு வருவதற்கு முன் அவள் வாழ்கிற இருபது முப்பது வருடம். அந்தத் தேய்மானத்தைத் தோலின் நிறம் தீர்மானிக்கவில்லை. லயத்தில் பிறந்தாளா, லயத்துக்கு வெளியே பிறந்தாளா என்பது தீர்மானிக்கிறது.

சட்டம் அதை இன்றும் எழுதியே வைத்திருக்கிறது. ஒரே லயத்தில் பிறந்த அக்காவும் தங்கையும் என்று வைத்துக்கொள்வோம். அக்கா தோட்டத்தில் பேர் பதிந்தவள். தங்கை ஹட்டன் நகரத்தில் துணிக்கடையில் வேலை. இருவரும் ஒரே மாதத்தில் பிள்ளை பெறுகிறார்கள். தங்கைக்குக் கடை, அலுவலக ஊழியர் சட்டப்படி 84 வேலை நாள் விடுமுறை, ஞாயிறும் போயாவும் அரசாங்க விடுமுறையும் அதில் சேராது, முழுச் சம்பளம். அக்காவுக்கு 1939ஆம் ஆண்டின் பிரசவச் சகாயக் கட்டளைச் சட்டப்படி அதே 84 நாள், ஆனால் ஞாயிறும் போயாவும் தீபாவளியும் எல்லாம் சேர்த்து; சம்பளத்தில் ஏழில் ஆறு பங்கு. 2018இல் திருத்தம் வரும்வரை மூன்றாவது பிள்ளைக்கு 42 நாள்தான் இருந்தது. நாள் முழுவதும் சரிவில் நிற்பவளுக்குக் குறைவு, கடையில் நிற்பவளுக்குக் கூட என்பதற்கு வைத்தியக் காரணம் ஒன்றையும் எவராலும் காட்ட முடியாது. பால் கொடுப்பதற்கு நாளைக்கு இரண்டு இடைவேளை அதே சட்டத்தில் உண்டு. பிள்ளைக் காம்பரா இருந்தால் அரை மணி நேரம், இல்லாவிட்டால் ஒரு மணி நேரம். மேல்மலையிலிருந்து பிள்ளைக் காம்பராவுக்கு இறங்கி ஏறவே அந்த அரை மணி போதாத தோட்டங்கள் எத்தனையோ.

சம்பளப் பேச்சுவார்த்தை வரும்போதெல்லாம் தொழிற்சங்கங்கள் ரூபாயைப் பற்றி மட்டும் பேசுகின்றன, அது தேவைதான். அடுத்த முறை மேசையில் இரண்டு கோரிக்கைகளைச் சேர்த்து வையுங்கள். பிரசவ விடுமுறை 84 வேலை நாளாக, முழுச் சம்பளத்தோடு. ஒவ்வொரு மலைக்கும் தண்ணீரோடு ஒரு கக்கூஸ், அங்கே போய்வருகிற நேரத்துக்குக் கிலோ கழிக்கக் கூடாது. கிளினிக் நாளில் அவளுக்குப் பேர் போடவேண்டும் என்பதையும் மூன்றாவதாகக் கேட்கலாம். இவை எதற்கும் புதிய ஆஸ்பத்திரி தேவையில்லை, வெளிநாட்டு உதவியும் தேவையில்லை. சங்கங்களுக்கு மாதச் சந்தா கட்டுகிறவர்களில் பெரும்பான்மையோர் பெண்கள்.